பன்னிரண்டு படத்துக்கு ஒரு சுவர்

மார்ச் 2, திங்கள்

கடைச் சாவியை மகன் சங்கரபாண்டியிடம் கொடுத்து இன்றோடு இரண்டு மாதம். முப்பது வருஷம் ஆர்டர் நோட்டு எழுதிய கை, சும்மா இருந்தால் அரிக்கிறது. அதனால் இந்த நோட்டு.

எழுதுவது ஆவுடையம்மாள். தென்காசி பஜாரில் ஆவுடையம்மாள் ஜவுளிக்கடை என்றால் பஸ்ஸில் இருந்து இறங்கும் எவரும் வழி சொல்வார்கள். வீட்டுக்காரர் இறந்தபோது மூத்தவள் உலகம்மைக்கு ஒன்பது வயது, சங்கரபாண்டிக்கு ஆறு. ஒரு டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு இலஞ்சி, ஆய்க்குடி, சாம்பவர்வடகரை என்று வீடு வீடாய்ப் போய் விற்றேன். எட்டாவது வருஷம் கடை திறந்தேன். எவர் தோளைப் பிடித்தும் ஏறவில்லை. இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இப்போது படம் வரைகிறேன். ஜனவரியில் பரணை ஒழித்தபோது ஒரு பேஸ்டல் பெட்டி கிடைத்தது. இருபத்து நான்கு துண்டு, சாக்பீஸ் மாதிரி உதிரக்கூடிய வகை. சில துண்டுகள் புதிது போல இருக்கின்றன. நீலம் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. உலகு பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஏதோ போட்டியில் வாங்கியது. அவள் கல்யாணமாகிக் கோவில்பட்டியில் இருக்கிறாள். வீணாய்ப் போகவேண்டாம் என்று நான் எடுத்தேன்.

நீலம் மட்டும் கடையில் புதிதாக வாங்கினேன். பெட்டியில் இருக்கும் துண்டு விரலில் பிடிக்கக் காணாது.

மார்ச் 5, வியாழன்

ஜெபசிங் மாஸ்டர் வந்தார். தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர், முப்பது வயது இருக்கும். ஞாயிறுதோறும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வயல், ஆறு என்று வெளியே உட்கார்ந்து வரையும் கூட்டம் ஒன்று நடத்துகிறார். அதில் நானும் இருக்கிறேன். எல்லாரிலும் வயதில் நான் மூத்தவள், பேச்சிலும் நான்தான் மூத்தவள்.

சித்திரை பிறந்ததும் கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைக்கிறாராம். சுவர் பிரித்துக் கொடுக்கிறார். முழுச் சுவருக்குப் பன்னிரண்டு படம், அரைச் சுவருக்கு ஆறு.

"அம்மா, அரைச் சுவர் எடுத்துக்கிடுங்க. புதுசா வரையுதவங்களுக்கு ஆறே பெரிசு."

"ஆறு சேலை தொங்குத கடைக்குள்ள எவ தம்பி ஏறுவா? முழுசா எழுதிக்கிடுங்க."

"ஏப்ரல் பதினாறு அன்னிக்கு மாட்டணும். எடம் காலியா இருந்தா வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"காலியா இருக்காது."

படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் வந்த ஜொஹரா எட்டிப் பார்த்தாள். கடையில் பதினெட்டு வருஷமாக நிற்பவள், கடையநல்லூர்க்காரி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"பேர் எழுதுத எடத்துல என்னக்கா ரெண்டு வரி எழுதியிருக்கிய?"

"கோடு ரெண்டு போட்டிருந்தான். ரெண்டையும் நிரப்பினேன்."

அவள் மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சட்னி நன்றாக இருக்கிறது என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

இலவ மரம். இலஞ்சி ரோட்டில் வாய்க்கால் ஓரமாக நிற்கிறது. ஒரு இலை கிடையாது, கிளை முழுக்கப் பூ. எக்ஸெல் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, கடையில் துணி வெட்டும் பலகையை ஹேண்டில் பாரில் சாத்தி, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தேன். கூட வந்த மற்றவர்கள் எல்லாரும் சிவப்புத் துண்டை எடுத்துச் சிவப்பு அடித்தார்கள். அது சிவப்பு இல்லை. நிழல் பக்கம் அரக்கு, வெயில் பக்கம் ராணிக் கலர், காம்பு ஒட்டிய இடத்தில் பாக்கு நிறம். நான் முதலில் அரக்கு அடித்து மேலே மற்றதைப் பூசினேன்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார்.

"இது எப்படிம்மா ஒங்களுக்குத் தெரியுது?"

"ஒரே சிவப்புன்னு சொல்லி ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினோரு சேலை காட்டியிருக்கேன் தம்பி. பதினொண்ணும் வேற வேற சிவப்பு. எடுக்காம போனாவ."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. படம் ஒன்று முடிந்தது.

மார்ச் 11, புதன்

மலைதான் வரவில்லை. குற்றாலத்து மலையை நான் ஆனந்தா நீலத்தில் அடித்தால் தகரக் கூரை மாதிரி நிற்கிறது. உலகுவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, தூரத்து மலைக்கு நீ என்ன நீலம் அடிப்ப?"

"எதுக்கு இப்பம் கேக்க?"

"சும்மாதான். கடைக்குப் புது போர்டு எழுதப் போறோம்."

"போர்டுல எதுக்கு மலை?"

"அழகுக்கு."

ஆரி வேலைச் சட்டத்தில் ஊசி குத்தும் டக் டக் மட்டும் கேட்டது. கோவில்பட்டியில் கல்யாணப் பெண்களின் பிளவுசுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறாள். நல்ல பெயர் அவளுக்கு.

"நீலத்த மட்டும் அடிக்காத. கீழ கொஞ்சம் கத்தரிப்பூ தேச்சிட்டு, மேல சாம்பல் கலந்து நீலத்த இழு. விரலால அழுத்தாத, உள்ளங்கையோட ஓரத்தால தடவு."

"சரி."

"எம்மா, நெசமா போர்டுதானா?"

"பின்ன என்ன?"

போனை வைத்துவிட்டாள். சொன்னபடி செய்தேன். மலை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்றை எழுதிவிடுகிறேன், நோட்டு என் நோட்டுதானே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அவள் ஓவியக் கல்லூரிக்குப் படிவம் வாங்கி வந்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை. அதுதான் கடை திறந்த வருஷம். கவுண்ட்டரில் நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. மூன்று வருஷம் அவள் நின்றாள், கடை நின்றது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

யாரும் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

புளியறைப் பக்கம் பிசான நெல் அறுவடை. வயலை மாம்பழ மஞ்சளில் அடித்தேன், அறுத்த பக்கம் வெங்காயத் தோல். படம் மூன்று முடிந்தது. முதுகு வலி.

மார்ச் 17, செவ்வாய்

சங்கரபாண்டி வந்தான். "எம்மா, கடைக்கு வாரவங்க எல்லாம் ஒன்னத்தான் கேக்காங்க. ஆச்சி வயக்காட்டுல ஒக்காந்து என்ன செய்யுதாவன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஆர்டர் எடுக்கான்னு சொல்லு."

மார்ச் 22, ஞாயிறு

ஆறு முடிந்தது. இலவ மரம், அறுவடை, மலை, சிற்றாற்றுப் பாலம், புங்கம் தளிர், ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு கல்யாண முருங்கை. வரிசையாகத் தரையில் பரப்பிவைத்து நடந்து பார்த்தேன். பத்து வருஷம் வரைந்தவர்களோடு தொங்கவிடலாம். இப்படிச் சொல்ல நான்தான் கிடைத்தேனா என்று கேட்டால், ஆமாம், நான்தான் கிடைத்தேன்.

ஆறையும் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாயிற்று. மீதி ஆறை இதைவிடச் சீக்கிரம் முடிப்பேன். கை பழகிவிட்டது.

மார்ச் 31, செவ்வாய்

பன்னிரண்டு. ஒன்பது நாளில் அடுத்த ஆறையும் முடித்துவிட்டேன், அதில் ஒன்று மறுபடியும் அந்த இலவ மரம். இவை அறையில் கொடிக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகின்றன, கடையில் புதுச் சேலை தொங்குவது போல. மாட்டும் நாளுக்குப் பதினாறு நாள் முன்னாலேயே சரக்கு தயார். எந்த வியாபாரியிடமும் போய்ச் சொல்லலாம்.

ஏப்ரல் 1, புதன்

காலையில் முதல் ஆறையும் வெளியே எடுத்தேன்.

பத்து நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தவை. நான் அடுக்கிய விதத்தை உள்ளபடி எழுதுகிறேன். சேலை அடுக்குவது போல, முகத்துக்கு முகம், ஓரம் தப்பாமல், மேலே துணி வெட்டும் பலகை, அதற்கு மேலே பழைய சேலைப் பெட்டி. மடிப்பு நிற்கவேண்டும் என்றால் பாரம் வைக்கவேண்டும். முப்பது வருஷப் பழக்கம். காகிதத்துக்கு மடிப்பு எதற்கு என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

மலையின் மேல் நெல்வயல் ஒட்டியிருந்தது. இலவம் பூவெல்லாம் பாலத்தின் மேல் உதிர்ந்து கிடந்தது. புங்கம் தளிரும் கல்யாண முருங்கையும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இரண்டுமே சேறாய்க் கிடந்தன. ஆறு படமும் போயிற்று.

மாஸ்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். அவருக்கு என்னைத் திட்டவும் மனம் இல்லை, சிரிக்கவும் தைரியம் இல்லை.

"நடுவுல பட்டர் பேப்பர் வைக்கச் சொன்னேனேம்மா."

"சொன்னிய. ஜரிகைச் சேலைக்குத்தான் தாள் வைப்போம். இது நூல் சேலை மாதிரின்னு நெனச்சுட்டேன்."

ஜொஹரா ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, "இது ரெண்டு பக்கமும் உடுத்தலாம்க்கா" என்றாள். அடிக்கப் போனேன்.

பிறகு கணக்காக யோசித்தேன். ஒன்பது நாளில் ஆறு வரைந்தவள் நான். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. தாள் இருக்கிறது, பேஸ்டல் இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது. நாளைக்கு உலகுவுக்குப் போன் போடவேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

போட்டேன். போர்டு இல்லை, படம் என்றேன். கண்காட்சி என்றேன். பெட்டி பரணில் கிடைத்தது என்றேன். அடுக்கிவைத்த கதையைச் சொன்னதும் சிரித்தாள். போனில் அவள் இப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

"ஜரிகைக்குத் தாள் வைக்கலைன்னு என்னைய எத்தன தடவ ஏசியிருக்க. ஒனக்கு வேணும்மா."

"சிரிச்சு முடிச்சிட்டியா? கேளு. சுவத்துல ஆறு எடம் காலி. எனக்கு மணிக்கட்டு ஒத்துக்கிடல. நீ வந்து ஆறு படம் போட்டுக் குடு."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

"எம்மா, பயலுவளுக்குப் பரீட்ச. நாலு பிளவுஸ் முடிக்காம கெடக்கு. அதெல்லாம் முடியாது."

"பரீட்ச எட்டாந் தேதி முடியும். ஒம் மாமியாரக் கேட்டுட்டேன். பயலுவள அவங்க பாத்துக்கிடுவாவ."

"எங்கிட்ட கேக்கதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டியா?"

"சரக்கு வாங்கப் போகுமுன்ன வண்டி பேசித்தான வைப்போம்."

ஊசிச் சத்தம் நின்றது.

"எனக்குக் கை மறந்துபோச்சும்மா. இருபத்திரெண்டு வருஷம்."

"மறந்த கைதான் ஆரி ஊசியப் பிடிக்கா?"

"அது வேற."

"வேறன்னா வந்து காட்டு."

வைத்துவிட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்படி எழுந்து போகிற வாடிக்கையாளர் பத்தில் நாலு பேர் திரும்பி வருவார்கள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கூட்டத்தோடு போனேன். மற்றவர்கள் வரைந்தார்கள். நான் எல்லாருடைய தாளையும் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

போன் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாஸ்டர் கேட்டார், அந்த ஆறு என்னவாயிற்று என்று. தன் தங்கச்சி படங்கள் இருக்கின்றனவாம், இடத்தைக் கொடுக்கலாமா என்றார்.

"எடம் புடிச்சாச்சு தம்பி."

"யாரும்மா?"

"படிவத்தப் பாருங்க."

ஏப்ரல் 9, வியாழன்

உலகு வந்தாள். ஒரே ஒரு பை. பஸ் ஸ்டாண்டில் எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டேன். வழியில் மூன்று பேர் "மவளா?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் வண்டியை நிறுத்திப் பதில் சொன்னேன்.

வீட்டில் மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. அவள் உட்காராமல் பார்த்தாள். ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள்.

"பச்சை தேஞ்சிருக்கு. அரக்கு பாதிதான் இருக்கு. நீ வரைஞ்சிருக்க." நீலத் துண்டை எடுத்தாள். "இது அப்படியே இருக்கு."

"கையில பிடிக்கக் காணல. புதுசு வாங்கினேன்."

"தூக்கிப் போட்டிருக்கலாம்."

"பெட்டியில ஒரு எடம் காலியா இருந்தா எனக்குப் பிடிக்காது."

அவள் அந்தத் துண்டைத் திரும்ப அதன் குழியிலேயே வைத்தாள். வைத்த விரலில் நீலம் ஒட்டியிருந்தது. கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

சிற்றாற்றங்கரை. அவள் ஒரு கோடு போட்டாள், துடைத்தாள். மறுபடி போட்டாள், தாளைக் கிழித்தாள். மூன்று தாள் போயிற்று. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். கடையில் ஒரு சேலைக்கு முப்பது சேலை பிரித்துப் போடச் சொல்லும் அம்மாளிடம் நான் முகம் சுளித்தது கிடையாது.

"என்னையப் பாக்காத" என்றாள்.

"ஒன்னைய எவ பாத்தா? நான் ஆத்தப் பாக்கேன்."

ஆற்றில் தண்ணீர் இழைதான் ஓடுகிறது. மணலில் துவைத்த சேலைகளைப் பரப்பியிருந்தார்கள். பொழுது போகவேண்டுமே என்று எண்ணினேன். ஒன்பதில் நாலு என் கடைச் சேலை. அந்த மயில்கழுத்து போன தீபாவளிக்குப் போனது, அந்தக் கத்தரிப்பூ இரண்டு வருஷம் இருக்கும், இன்னும் சாயம் போகவில்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் நாலாவது தாளில் மணலை அடித்துக்கொண்டிருந்தாள். மலை இல்லை, மரம் இல்லை. மணலும் சேலைகளும்தான். ஈரச் சேலை வெயிலில் ஓரத்தில் இருந்து காயும் இல்லையா, ஓரம் வெளிறி நடு இருண்டு. அதை அப்படியே போட்டிருந்தாள். நான் முப்பது வருஷம் சேலை விற்றவள். ஈரச் சேலைக்கு இரண்டு கலர் உண்டு என்று எனக்குத் தெரியும். அதை வரையலாம் என்று தெரியாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று இரண்டு, இன்று ஒன்று. கூட்டத்தில் எல்லாரும் தங்கள் தாளை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்றார்கள். மாஸ்டர் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

"எங்கயும் படிக்கல" என்றாள். "கடையில நின்னேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் காப்பி ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றினேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை பிறந்தது. ரயில்வே கேட்டுப் பக்கம் சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எனக்கு மணிக்கட்டு வலிக்கவில்லையா என்று கேட்டாள். இன்றைக்குக் குறைந்திருக்கிறது என்றேன். அவள் தாளில் இருந்து கண்ணை எடுக்காமல் "நல்ல மணிக்கட்டு" என்றாள்.

நான் வரைந்தது கொன்றை மரம். நன்றாக வந்திருக்கிறது. கொடியில் தொங்கியதில் சுமாராக இருந்த ஒன்றை எடுத்துவிட்டு இதை வைக்கிறேன். அவள் வரைந்தது என் முதுகு. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே எக்ஸெல், பலகை, மேலே மஞ்சளாகத் தொங்குகிறது பூ.

"முதுகு இவ்வளவு அகலமாட்டி எனக்கு?"

"மூட்ட சுமந்த முதுகு. அளந்துதான் போட்டிருக்கேன்."

அது ஆறாவது.

ஏப்ரல் 16, வியாழன்

மாட்டியாயிற்று. இடது பக்கம் என் ஆறு, வலது பக்கம் அவள் ஆறு. ஒரு ஆணிகூடக் காலி இல்லை. மாஸ்டரிடம் காட்டி, "பாத்தியளா தம்பி" என்றேன்.

உள்ளதை எழுதுகிறேன். என் ஆறைவிட அவள் ஆறு மேல். எனக்குக் கலர் தெரியும், அவளுக்கு அதற்கு மேலே ஏதோ தெரியும். துணி பார்த்த கண், சொந்தச் சரக்கு என்று பொய் சொல்லாது.

ஏப்ரல் 18, சனி

கண்காட்சி திறந்ததில் இருந்து கூட்டம். ஆனால் எங்கள் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போடுகிற மஞ்சள் விளக்கு. அதன் அடியில் என் பச்சையெல்லாம் பாசியாய், அவள் மணல் காப்பிப்பொடியாய்த் தெரிந்தது. வெளியே உட்கார்ந்து வெயிலில் போட்ட படம், உள்ளே செத்துப்போயிற்று. உலகு முகம் மெல்ல மெல்ல இறுகியது. "நான் அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்புதேன்" என்றாள்.

பதினொரு மணி இருக்கும், கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், காலேஜில் பாடம் எடுப்பவளாம், ஆற்றுப் படத்தின் முன்னால் நின்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சேலை என்ன கலர்னே தெரியலையே" என்றாள்.

இந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். தென்காசியில் எந்தப் பெண்ணும் கடை விளக்கில் பார்த்துச் சேலை எடுக்கமாட்டாள். தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள், தெரு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். அதற்காகவே என் கடையில் கவுண்ட்டரில் இருந்து வாசல் வரைக்கும் ஒரு ஸ்டூல்கூடப் போடவிடமாட்டேன். வழி சும்மா கிடக்கவேண்டும்.

படத்தை ஆணியில் இருந்து எடுத்தேன். ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மாஸ்டர் ஓடி வந்தார். "அம்மா, படத்தக் கழட்டக் கூடாது."

"கழட்டல தம்பி. வெளிச்சத்துல காட்டுதேன்."

வாசல் படியில் வெயில் அடித்தது. கத்தரிப்பூ கத்தரிப்பூவாக வந்தது, மயில்கழுத்து மயில்கழுத்தாக வந்தது, ஈரம் ஈரமாக. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். உலகுவும் வந்து நின்றாள்.

"சாயம் போகுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் உலகு சொன்னாள். "தொட்டா போகும்க்கா. தொடாம கண்ணால பாருங்க. அடுத்தது காட்டவா?"

உள்ளே போய் அடுத்ததை எடுத்து வந்தாள். முழங்கையில் தாங்கி, சற்றே சாய்த்து, பார்ப்பவள் முகத்தில் வெயில் படாமல். அவளுக்குப் பதினேழு வயதில் நான் சொல்லிக் கொடுத்த பிடி. பன்னிரண்டு படமும் ஒன்றன் பின் ஒன்றாக வாசலுக்கு வந்து போயின. மற்றவர்களும் தங்கள் படத்தைக் கழற்ற ஆரம்பித்தார்கள். மாஸ்டர் பார்த்தார், கடைசியில் அவரே இரண்டு பெஞ்சைத் தூக்கி வாசலில் போட்டார்.

காலேஜ் அம்மாள் ஆற்றுப் படம் வேண்டும் என்றாள். யார் வரைந்தது என்று கேட்டாள்.

"பேரு அங்கன எழுதியிருக்கு" என்றேன். பிறகு அடக்கமுடியாமல், "எம் மவ" என்றேன்.

பேர்ச்சீட்டை அப்போதுதான் உலகு சரியாகப் பார்த்தாள். 'ஆவுடையம்மாள் – உலகம்மை' என்று அச்சில் இருந்தது. கையால் எழுதி ஒட்டியது இல்லை. மாஸ்டரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். அவள் படிவத்தைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தாள்.

"எம்மா. மார்ச் அஞ்சாந் தேதி எம் பேர எழுதியிருக்க."

"ஆமா."

"படம் கெட்டது ஏப்ரல் ஒண்ணுல்லா?"

"சரக்க நானே கெடுப்பேனாட்டி? அது நெசமாவே கெட்டதுதான்."

"அதக் கேக்கல. கெடாம இருந்திருந்தா என்ன சொல்லி என்னையக் கூப்பிட்டிருப்ப?"

முப்பது வருஷ வியாபாரத்தில் எந்தக் கேள்விக்கும் நான் முழித்தது கிடையாது.

"தெரியல" என்றேன். "அதத்தான் ஒரு மாசமா யோசிச்சிட்டிருந்தேன்."

அவள் படிவத்தை மறுபடி பார்த்தாள். கீழே என் கையெழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள். விரலில் இருந்த நீலம் ஒட்டியது.

"இதுல கையெழுத்துப் போட்டிருக்க" என்றாள்.

"போட்டிருக்கேன்."

யாரோ இலவ மரத்தை வெளியே காட்டச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு போனேன். இலவ மரம் இரண்டாம் தடவை வரைந்தது. முதலாவதைவிட நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், முதலாவதைப் பார்க்காமலே.

ஐந்து மணி பஸ் போயிற்று. அவள் போகவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

காலைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முதுகுப் படத்தை என் அறையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கடையில் மாட்டவேண்டும் என்று சங்கரபாண்டி கேட்கிறான். கொடுக்கமாட்டேன். டியூப்லைட்டில் கெட்டுவிடும்.

மேசையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். பெட்டியைக் காணோம். கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறாள். அவளுடையதுதானே.

கொன்றை இன்னும் பத்து நாள் நிற்கும். சாயங்காலம் பஜாருக்குப் போய்ப் புதுப் பெட்டி ஒன்று வாங்கவேண்டும். தனியாக இரண்டு நீலம். ஒன்று கோவில்பட்டிக்கு.